ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா? கொடைக்கானலில் ஒரு குடும்பம் சபை தேடும்போது

கொடைக்கானல் கிறிஸ்தவக் குடும்பங்களில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், பையனுக்கு என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" கொஞ்ச வருஷமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "இல்ல, சபைக்குப் போறவங்களா?" ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை, சபை என்றால் பெந்தெகொஸ்தே என்று அர்த்தம். எங்கள் சொந்தத்தில் நிச்சயமாகியிருக்கும் ஒரு கல்யாணத்தில் மூன்றுமே இருக்கின்றன. பெண் ஆர்.சி., சலேத் மாதா கோயிலைச் சேர்ந்தவள். பையன் சி.எஸ்.ஐ. பையனுடைய பெரியம்மா வீடு முழுக்கப் பெந்தெகொஸ்தே. கல்யாணத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் போகக்கூடாது, ஒரே கோயில்தான் என்பதில் இரண்டு பேரும் உறுதியாக இருக்கிறார்கள். எந்தக் கோயில் என்பதுதான் சிக்கல். மூன்று பக்கத்தாரும் "எங்க கோயிலுக்கு வாங்களேன்" என்பதோடு நிறுத்தவில்லை. கிறிஸ்து ஏற்படுத்திய உண்மையான சபை இதுதான் என்கிறார்கள்.

யார் சொல்வதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ.யில். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை சபைகள் எப்படி வந்தன என்பதற்குப் பெரிய ரகசியம் இல்லை. கீழ்நாட்டு வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து மலையேறியவர்கள் ஆளுக்கொரு சபையோடு வந்தார்கள். மதுரை அமெரிக்கன் மிஷன்காரர்கள் 1845-ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபுக்காரர்கள். பிஷப் என்ற பதவியே வேண்டாம், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பவர்கள். பின்னால் வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஆங்கிலிக்கன்கள். பிஷப் இல்லாத சபையை முழுச் சபையாக எண்ண அவர்களில் பலருக்கு மனம் வராது. பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் 1866-ல் சலேத் மாதா கோயிலைக் கட்டினார்கள். பிரான்சு நாட்டு மலையில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்பட்டது 1846-ல்தான். இருபது வருஷத்தில் அந்தப் பெயர் நம் மலைக்கு வந்துவிட்டது. 1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி வந்தது. சுவீடன் லுத்தரன்களும் வந்து தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். சாயங்காலம் ஒரே ஏரியைச் சுற்றி நடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெவ்வேறு மேடுகளில் ஏறினார்கள்.

சரி, எப்படி ஒப்பிடுவது? வசனத்தை வைத்து இதைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆர்.சி.க்காரர் மத்தேயு 16:18-ஐ எடுப்பார்: நீ பேதுரு, இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன். சி.எஸ்.ஐ.க்காரர் அதே மத்தேயுவில் 18:20-ஐ எடுப்பார்: இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே கூடியிருந்தால் அவர்கள் நடுவிலே இருக்கிறேன். பெரியம்மா, சீஷர்கள்மேல் ஆவியானவர் இறங்கிய அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை விரித்துவிடுவார். யாருக்கும் வசனப் பஞ்சம் இல்லை. விசுவாசப் பிரமாணமும் உதவாது. திருச்சபை ஒன்று, பரிசுத்தமானது, பொதுவானது, அப்போஸ்தலர் வழி வந்தது என்று 381-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த அறிக்கையை ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன் எல்லாருமே சொல்கிறார்கள்.

அதனால் நான் வேறொன்றைப் பார்த்தேன். ஒரு சபை தன்னைப் பற்றிச் சொல்வது இருக்கட்டும். வெளியிலிருந்து வருகிறவரின் ஞானஸ்நானத்தை என்ன செய்கிறது? அவரைத் தன் நற்கருணைப் பந்தியில் சேர்க்கிறதா? அவருடைய குருவின் பட்டத்தை மதிக்கிறதா? 'நாங்களே உண்மைச் சபை' என்பதன் நிஜமான எடை இந்த மூன்று இடத்தில்தான் தெரிகிறது.

முதலில் ரோமாபுரி, அதாவது ஆர்.சி. அவர்கள் வாதத்தைத் தாய்ப்பத்திரம் வைத்திருப்பவரின் வாதம் என்று சொல்லலாம். பேதுருவில் தொடங்கி இன்றைய போப்பாண்டவர் வரை வரிசையைக் காட்டுகிறார்கள். அப்போஸ்தலரிடமிருந்து ஆயருக்கு, ஆயரிடமிருந்து குருவுக்குக் கை வைத்துப் பட்டம் கொடுக்கும் சங்கிலி அறுபடவில்லை என்கிறார்கள். ஆரம்ப காலத்து வரிசையில் ரோமில் ஒரே ஆயர் இருந்தாரா, மூப்பர் குழு இருந்ததா என்று சரித்திரக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனாலும் இந்த வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. கிறிஸ்து ஒரு சபையை ஏற்படுத்தி, பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்ளாது என்று வாக்கும் கொடுத்திருந்தால், ஆயிரம் வருஷத்துக்கு மேல் அது எங்கே இருந்தது என்ற கேள்விக்கு நேரடியான பதில் ரோமாபுரியிடமும் கிழக்கத்திய சபைகளிடமும்தான் இருக்கிறது.

ஆனால் இந்தச் சபை எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டது என்று நம் பக்கம் பலர் நினைப்பது தப்பு. 255, 256-ஆம் ஆண்டுகளில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானுக்கும் ரோமாபுரி ஆயர் ஸ்தேவானுக்கும் ஒரு பெரிய சண்டை. சபையை விட்டுப் பிரிந்தவர்களிடம் ஞானஸ்நானம் வாங்கியவர் திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா? கொடுக்க வேண்டும், சபைக்கு வெளியே எதுவும் செல்லாது என்றார் சிப்ரியான். வேண்டாம், முதலில் வாங்கியதே போதும், கை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் ஸ்தேவான். 'சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை' என்ற கண்டிப்பான பேச்சு சிப்ரியானுடையது. வெளியாரின் ஞானஸ்நானத்தை மதித்தது ரோமாபுரி. அதே வழக்கம்தான் இன்றும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தை ஆர்.சி. ஏற்றுக்கொள்ளும். நம் பையன் அங்கே சேர்ந்தால் விசுவாச அறிக்கையும் உறுதிபூசுதலும் உண்டு. மறுபடி தண்ணீர் கிடையாது.

1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் ஒரு படி போனது. கிறிஸ்துவின் ஒரே திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது. ஆனால் அதன் எல்லைக்கு வெளியிலும் உண்மையும் பரிசுத்தமும் உண்டு என்று சொன்னது. அதே ஏட்டில், இந்தச் சபை அவசியம் என்று மனதார அறிந்த பிறகும் உள்ளே வர மறுப்பவர் அல்லது வெளியே போகிறவர் இரட்சிக்கப்பட முடியாது என்றும் இருக்கிறது. பெண்ணுக்கு இந்த வரிதான் முக்கியம். கீழே மறுபடி வருகிறேன்.

பட்டம் என்று வந்தால் ரோமாபுரி கறார். 13-ஆம் லியோ போப்பாண்டவர் 1896-ல் ஆங்கிலிக்கன் பட்டங்கள் முற்றிலும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தார். சீர்திருத்த வழி வந்த அமைப்புகளைச் சரியான பொருளில் 'சபைகள்' என்று சொல்ல முடியாது என்று 2000-ஆம் ஆண்டில் வத்திக்கான் எழுதியது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் குருவின் பட்டமும் பூசையும் செல்லும், நம் சி.எஸ்.ஐ. போதகருடையது செல்லாது.

இது ஏட்டில் இருப்பது. கோயிலில் எப்படி இருக்கும் என்று கலப்புக் கல்யாணப் பூசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காணிக்கைப் பாட்டு முடிந்து நற்கருணை நேரம் வரும். கத்தோலிக்கர் மட்டும் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க வரலாம் என்று மைக்கில் ஒரு குரல் தன்மையாகச் சொல்லும். பெண் வீட்டு வரிசைகள் எழுந்து நடுப்பாதையில் நகரும்; "கிறிஸ்துவின் திருவுடல்", "ஆமென்", அடுத்தவர். பையன் வீட்டு வரிசைகளில் பட்டுச்சேலை கட்டிய அத்தைமார் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு, கையில் இருக்கும் பாட்டுத்தாளைப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். குருவானவர் மேல் குற்றமில்லை. ஒன்றாக நன்மை வாங்குவது ஒன்றாக இருப்பதன் அடையாளம், ஒன்றாகாத போது அடையாளம் மட்டும் எதற்கு என்பது அவர்கள் நியாயம். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. வலியும் புரிகிறது.

ஆர்த்தடாக்ஸ் பற்றி ஒரே பத்தி போதும். இந்தக் குடும்பத்துக்கு அது கையெட்டும் தூரத்தில் இல்லை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளக் குடியேறிகளோடு சுரியானிச் சபைகள் வந்து வேரூன்றியிருக்கின்றன. தோமா அப்போஸ்தலர் 52-ஆம் ஆண்டில் வந்தார் என்ற மரபு அவர்களுடையது. சேசு சபைக் குருக்களுக்குக் கீழ்ப்படியமாட்டோம் என்று 1653-ல் கூனன் குருசு என்ற சிலுவை முன்னால் சத்தியம் செய்த பரம்பரை. பழமைதான் அளவுகோல் என்றால் ரோமாபுரியோடு தைரியமாக மல்லுக்கு நிற்கக்கூடியவர்கள் இவர்கள்தான்.

அடுத்தது சீர்திருத்தக்காரர்கள். 1530-ல் லுத்தரன்கள் தங்கள் அறிக்கையின் ஏழாம் பிரிவில் வேறொரு பதில் சொன்னார்கள். சுவிசேஷம் தூய்மையாகப் பிரசங்கிக்கப்பட்டு, ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் முறைப்படி கொடுக்கப்படும் இடத்தில் திருச்சபை இருக்கிறது. பரம்பரை அல்ல, செய்தி. தமிழ்நாட்டில் 1706-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கியதிலிருந்து இந்தப் பதில் நம்மிடையே இருக்கிறது. இதன் பலம், பரம்பரை வைத்திருப்பவன் கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை சொல்வது. பலவீனம், தூய்மை எது என்று யார் தீர்மானிப்பது என்பது. அங்கேதான் சபைகள் பெருகுகின்றன. நியாயமாகச் சொன்னால், லுத்தருக்கும் ரோமாபுரிக்கும் சண்டை தொடங்கிய அந்த 'விசுவாசத்தினால் நீதிமானாகுதல்' பற்றி இரு தரப்பும் 1999-ல் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. ஊரில் இன்னும் அதை வைத்துச் சண்டை போடுகிறவர்களுக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

சி.எஸ்.ஐ.யின் கதை இவை எல்லாவற்றிலிருந்தும் வித்தியாசமானது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன்களும், மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் ஏற்கெனவே 1908-ல் சேர்ந்து உண்டாக்கியிருந்த ஐக்கிய சபையும் ஒன்றானார்கள். கொடைக்கானலில் இருந்து பார்த்தால் இதன் அதிசயம் புரியும். பிஷப்பே வேண்டாம் என்ற அமெரிக்கன் மிஷன் வாரிசுகளும் பிஷப் இல்லாமல் முடியாது என்ற ஆங்கிலிக்கன்களும் மதுரை–இராமநாதபுரம் பேராயத்தின் கீழ் வந்தார்கள். அந்த முதல் பேராயர் யார்? லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து சபை மிஷனரி, அதாவது பிஷப் இல்லாத பிரஸ்பிட்டேரியன் மரபிலிருந்து வந்தவர்! அன்றைக்குத்தான் அவருக்கே பேராயர் அபிஷேகம் ஆனது. பழைய ஊழியர்கள் யாருக்கும் மறுபடி பட்டம் கொடுக்கவில்லை. இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார் என்று ஏற்பாடு. இங்கிலாந்தில் பிஷப் பரம்பரையை விடாப்பிடியாகப் பிடித்திருந்த உயர் ஆங்கிலிக்கன்கள் பலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள்.

சபை என்றால் என்ன என்பதற்கு மூன்று பதில் இருக்கிறது என்று இந்த நியூபிகின் 1952-ல் கிளாஸ்கோவில் உரைகள் நிகழ்த்தினார்: செய்தியைக் கேட்டு விசுவாசிப்பது என்கிறது சீர்திருத்தம், அருட்சாதனங்கள் வழியாக ஒரே சரீரத்தில் சேர்வது என்கிறது கத்தோலிக்கம், ஆவியானவரின் அனுபவம் என்கிறது பெந்தெகொஸ்தே. மூன்றாவதைப் பெரிய சபைகள் ஏளனமாகப் பார்த்த காலத்தில் அதற்கும் சரியாசனம் கொடுத்தார்.

சி.எஸ்.ஐ. தன்னை ஒருபோதும் 'ஒரே உண்மைச் சபை' என்று சொன்னதில்லை. "எல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்ற யோவான் 17:21 ஜெபத்தை முத்திரையாக வைத்துக்கொண்டு, உண்மைச் சபையின் ஒரு பகுதி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆர்.சி. ஞானஸ்நானம் அதற்குச் செல்லும். பந்தியில் மற்ற சபையின் நற்கருணை அங்கத்தினருக்கு இடம் உண்டு. ஆர்.சி. குருவின் பட்டத்தை அதன் ஆங்கிலிக்கன் மரபு மறுத்ததில்லை. மூன்று சோதனையிலும் இதுதான் தாராளம். இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் சொந்தச் சபைக்கு நான் வக்கீல் ஆகிவிடுவேன். ஒன்றாவதற்குப் பிறந்த சபையில் பேராயத் தேர்தல் என்றால் அணி, அணி என்றால் வழக்கு, வழக்கு என்றால் உயர் நீதிமன்றம். பரம்பரைக்கும் செய்திக்கும் நடுவில் நிற்கிறோம் என்கிறவர்கள் பல நேரம் கமிட்டி அறைக்குள் நிற்கிறார்கள்.

இப்போது பெரியம்மா பக்கம். 1906-ல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் வில்லியம் சேமூர் என்ற கறுப்பினப் போதகரின் கூட்டங்களில் கிளம்பியது என்று உலக சரித்திரம் சொல்லும். ஆனால் 1860-லேயே திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ்ப் போதகரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலால் வருவதாக நம்பப்படும், அறியாத மொழி) பேசினார்கள் என்று பதிவு இருக்கிறது. ஆகவே இதை அமெரிக்கச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. இவர்கள் வாதம்: பரம்பரையும் வேண்டாம், ஏடும் வேண்டாம், அப்போஸ்தலர் காலத்துச் சபை எப்படி இருந்ததோ அப்படி இருப்பதே உண்மைச் சபை. வியாதிக்கு ஜெபம், ஆவியின் வரங்கள், பல சபைகளில் நகை கூடாது, வெள்ளைச்சேலை. எங்கள் பெரியம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வருஷக்கணக்காகிறது. வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் முதலில் கதவைத் தட்டுவது அந்தச் சபைக்காரர்கள்தான். எங்கள் பாஸ்டரேட் கமிட்டிக்காரர்கள் அதற்குள் சந்தா ரசீதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் என் முதல் சோதனையிலேயே அவர்கள் நின்றுவிடுகிறார்கள். குழந்தை ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை என்பது அவர்கள் நிலை. பெண்ணும் பையனும் அங்கே போக வேண்டுமானால் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். கொடைக்கானல் மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீரில் இறங்குவது சின்ன விஷயம். இறங்கும்போது, நம் அம்மா அப்பா நம்மைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்ற நாள் வெறும் தண்ணீர் தெளித்த நாள் என்று ஒப்புக்கொள்கிறோம், அதுதான் பெரிய விஷயம். ரோமாபுரியின் கதவு குறுகலானது என்கிறோம். ஞானஸ்நான விஷயத்தில் அதைவிடக் குறுகலானது பெந்தெகொஸ்தேயின் கதவு. மூன்றாம் நூற்றாண்டுச் சண்டையில் இவர்கள் நிற்பது சிப்ரியானுக்குப் பக்கத்தில். அப்புறம், அப்போஸ்தலருக்கும் 1906-க்கும் நடுவில் சபை எங்கே போயிருந்தது என்ற கேள்வி. உண்மை விசுவாசிகளாக மீதியானவர்கள் எப்போதும் இருந்தார்கள் என்பார்கள். இருந்திருக்கலாம், காட்டச் சொன்னால்தான் கஷ்டம்.

சனிக்கிழமை ஓய்வுநாள் சபை, இரட்சணிய சேனை எல்லாம் இந்தக் குடும்பத்தின் பட்டியலில் இல்லாததால் விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று: இரட்சணிய சேனை ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுப்பதே இல்லை. என் மூன்று சோதனையில் முதல் இரண்டும் அவர்களிடம் செல்லாது.

பந்தி என்று சொல்லிவிட்டு நம் ஊர்ப் பந்தியைப் பேசாமல் போனால் பொய்யாகிவிடும். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியின் மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று பிரித்தார்கள். தஞ்சாவூர் லுத்தரன்களிடையே வேளாளர் தனியே உட்கார்ந்தார்கள். மதுரை அமெரிக்கன் மிஷன் 1840-களின் கடைசியில் தன் உபதேசியார்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது, மறுத்தவர்களை விலக்கியது. பேதுருவின் பரம்பரையோ தூய சுவிசேஷமோ, சொந்தச் சபைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்றால் 'பொதுவான' சபை என்பதற்கு என்ன பொருள்? தமிழ்நாட்டில் இந்தச் சோதனையில் முழு மார்க் வாங்கிய சபை எதுவும் இல்லை. சாதிக்கொரு கல்லறை கேட்டவர்கள் எல்லாப் பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நம்பத் தகுந்தது எது என்று என்னைக் கேட்டால், தன்னை முழுமை என்று சொல்லாத வாதம்தான். ஆனால் அதனால் இரண்டு பேரும் சி.எஸ்.ஐ.க்கு வாருங்கள் என்று சொல்லிவிட முடியாது. இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. ரோமாபுரியின் வாதத்தைப் பெண் உண்மையிலேயே நம்பினால், அவள் வெளியே வருவது அவளுடைய மனசாட்சிப்படி இரட்சிப்பையே தொடும் விஷயம். பையன் சி.எஸ்.ஐ.யை விட்டு அங்கே போனால், சி.எஸ்.ஐ. போதனைப்படியே அவனுக்கு அப்படி ஒரு ஆபத்தும் இல்லை. தாராளமான சபைதான் ஆளை இழக்கும். நியாயமில்லை என்று தோன்றலாம். ஆனால் யாருக்கு அதிக நஷ்டம் என்று பார்த்தால் நகர வேண்டியவன் அவன்தான். ஏனோதானோ என்று போகாமல் படித்துத் தெளிந்து போக வேண்டும். முடியாது என்றால், ஞாயிறுதோறும் நன்மை வாங்காமல் பெஞ்சில் உட்காரத் தயாரா என்று அவன் முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிறப்பால் மட்டும் ஆர்.சி., போப்பாண்டவர் அதிகாரம் பற்றி அவளுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை என்றால் கணக்கு மாறும். அப்போது இரண்டு பேரும் முதல் ஞாயிறே ஒரே பந்தியில் முழங்கால் போடக்கூடிய இடம் சி.எஸ்.ஐ.தான். பெந்தெகொஸ்தே, குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று இரண்டு பேருக்கும் சொந்தமாகத் தெளிந்தால் மட்டுமே. பெரியம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தண்ணீரில் இறங்கக்கூடாது.

எதுவானாலும் முதல் வேலை பங்குக் குருவானவரைப் பார்ப்பது. கலப்புக் கல்யாணத்துக்கு ஆர்.சி. மேலிடத்தின் அனுமதி வேண்டும். தன் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கிடைக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் பெண்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். பையன் கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். 1970-க்குப் பிறகு விதி இப்படித்தான், பழைய ஆட்கள் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். கல்யாணம் சி.எஸ்.ஐ. கோயிலில் என்றால் அதற்குத் தனி விலக்கு முன்கூட்டியே வாங்க வேண்டும். வாங்காமல் நடத்தினால் ஆர்.சி. கணக்கில் அந்தக் கல்யாணமே செல்லாது, பெண் நன்மை வாங்கவும் முடியாது. இந்தத் தாள்கள் மலையிறங்கி ஏறி வர நேரமாகும். கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கத் தேதி குறிப்பதற்கு முன்பே, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கும் முன்பே போய்ப் பாருங்கள்.